உன் அம்மாவுக்குப் போடாத ஊசி

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் நீ போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. அப்பாதான் எடுத்து, "அம்மா குளிக்கிறா" என்று சமாளித்தார். நான் குளிக்கவில்லை. சோபாவில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் பேசறேன்னு சொல்லுங்கப்பா" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. சாயங்காலமும் நான் பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் வந்தால் உன் அம்மா எப்படிப் பேசுவாள் என்று உனக்குத் தெரியாதா? முடிச்சூர் ரோடு வரைக்கும் கேட்கும். இது கோபம் இல்லை, அதிர்ச்சி. வெள்ளிக்கிழமையிலிருந்து உன்னிடம் பேச வாயைத் திறந்தால் எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது. எழுதினால் வருகிறது, அதனால் எழுதுகிறேன். முடித்ததும் உனக்குத்தான் முதலில் அனுப்புவேன். அதன் பிறகு ஒரு பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன், உன் பெயர், என் பெயர், உன் கிளினிக்கின் பெயர் எதுவும் இல்லாமல். வீட்டு விஷயத்தை ஏன் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். அதற்கும் இதிலேயே பதில் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே கெட்ட பழக்கம் என்று நீ கேலி செய்வாயே, அதுதான். பழைய மிக்சி, கூண்டுப் புறா, யாரோ போட்டுத் தேய்த்த ஷூ எல்லாவற்றையும் தாண்டி நேராகச் செடி விற்கிறவரிடம் போய், பேரம் பேசி, அடுக்குச் செம்பருத்தி ஒன்றைத் தொட்டியோடு வாங்கினேன். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி வரும்போது பின்னாலிருந்து "டீச்சர்! டீச்சர்!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் பர்வீன். அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை, இந்தக் கடிதத்துக்காக நான் வைத்தது. உனக்கு ஆளைத் தெரியும். அவருடைய மகள் என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவள். பல்லாவரத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு லெதர் பை தைத்துக் கொடுக்கிறார். இந்த வருஷம் நோன்புப் பெருநாள் ஆர்டருக்காக உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் தைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்களாம். அப்போதும் இதே சந்தையில்தான் என்னிடம் புலம்பினார். "என் பையன்கிட்ட காட்டுங்க, நல்லா பாப்பான்" என்று உன் நம்பரைக் கொடுத்ததே நான்தான்.

"இன்னா டீச்சர், உங்களுக்கு வயசு ரிவர்ஸ்ல போவுதா? இம்மாம் பெரிய தொட்டிய இடுப்புல வச்சிகினு வர்றீங்க!" என்றார்.

"தொட்டி சின்னதுதான். உங்க முதுகு எப்படி இருக்கு?"

"அது பேஜாராதான் கீது. ஆனா இன்னும் கொஞ்ச நாளுதான. வர்ற திங்க தாண்டி அடுத்த திங்க ஊசி. நம்ம ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்த வச்சி, தட்டணுவ மட்டும் பிரிச்சி முதுகுல போடுவாங்களே, உங்களுக்குப் போட்ட அதே ஊசி."

யாரோ வேறு டீச்சரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன். "எனக்கா?" என்று கேட்டேன்.

"டாக்டர்தான சொன்னாரு! நான் பயந்துகினு கேட்டேன், 'என்னைய உங்க அம்மாவா நெனச்சி சொல்லுங்க டாக்டர், உங்க அம்மாவா இருந்தா இந்த ஊசிய போடுவீங்களா'ன்னு. 'எங்க அம்மாவுக்கே போட்டேனேம்மா'ன்னாரு. 'இப்ப வெள்ளிக்கெழமையானா சந்தைக்குப் போயி தொட்டி தொட்டியா தூக்கினு வர்றாங்க, நீங்களே பாத்திருப்பீங்களே'ன்னாரு. நான்தான் பாத்துகினே கீறேனே! அப்பறம் இன்னா பயம் எனக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொட்டி சரிந்து கொஞ்சம் மண் என் புடவையில் கொட்டியது. பர்வீன் பதறிப்போய் அதை வாங்கப் பார்த்தார். "வேண்டாம், உங்களுக்கு முதுகு" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஊசி போடசொல்ல வலிச்சுதா டீச்சர்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ்வளவா இல்ல" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். வகுப்பில் காப்பியடித்தவனை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த அதே ஆள். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று என் வாய் என்னைக் கேட்காமலே முந்திக்கொண்டது. நீ சொன்னதைக் கேட்டு அதிர்ந்தது ஒரு பங்கு என்றால், நான் சொன்னதைக் கேட்டு அதிர்ந்தது இன்னொரு பங்கு. பர்வீன் நிம்மதியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தொட்டியோடு எப்படி ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

எனக்கு அந்த ஊசி போடவில்லை என்பது உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். ஏன் போடவில்லை என்பது உனக்கு மறந்தாலும் மறந்திருக்கும். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்த டிசம்பர் அது. அரிசி டிரம், மிக்சி, உன் பழைய புத்தகப் பெட்டி என்று எல்லாவற்றையும் நானே பரண்மேல் ஏற்றினேன். தண்ணீர் வடிந்ததும் நானே இறக்கினேன். கடைசிப் பெட்டியை இறக்கும்போது இடுப்பில் சுளீரென்றது, அவ்வளவுதான். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போவதற்கு அப்பாவின் தோள் தேவைப்பட்டது. இடது கால் குதிகால் வரைக்கும் மின்சாரம் பாய்வது போல இழுத்தது. சர்ச்சில் யாரோ, "சொந்த ரத்தத்துலயே ஊசி போடறாங்களாம், சைடு எஃபெக்டே கிடையாதாம்" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு நானே உன்னிடம் கெஞ்சினேன். "உன் கையால அதைப் போட்டு விட்டுடுடா" என்றேன். நீ கிளினிக்கிலிருந்து சட்டையைக்கூட மாற்றாமல் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். என் கால் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னாய், நகத்தால் கீறி மரத்துப் போயிருக்கிறதா என்று பார்த்தாய். அதன் பிறகு நீ பேசியதைத்தான் நான் இன்றைக்கும் உன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

"அம்மா, சொல்றதைக் கேளு. டிஸ்க்குக்கு ரத்த ஓட்டம் ரொம்பக் கம்மி, அதனால சீக்கிரம் ஆறாது. தட்டணுவுல இருக்கற சில பொருள் அதை ஆற வைக்கும்னு ஒரு எண்ணம். எண்ணம் நல்ல எண்ணம்தான். லேப்ல, மிருகங்ககிட்ட எல்லாம் நல்லாவே வந்திருக்கு. ஆனா மனுஷங்ககிட்ட இதுவரைக்கும் பண்ணதெல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சி. சிலதுல வலி குறைஞ்சிருக்கு. சிலதுல, மருந்தே இல்லாத வெறும் தண்ணி ஊசி போட்டவங்களுக்கும் அதே அளவு குறைஞ்சிருக்கு. ரத்தத்தைப் பிரிக்கறதுலயே ஆளாளுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க, ஒருத்தர் போடறதும் இன்னொருத்தர் போடறதும் ஒரே மருந்தான்னே சொல்ல முடியாது. ரொம்ப நாள் கழிச்சு என்ன ஆகுதுன்னு தெளிவாத் தெரியல. நம்ம ரத்தம்தான், அலர்ஜி வராது, சரி. ஆனா டிஸ்க்குக்குள்ள ஊசி போறது சும்மா இல்லம்மா. அபூர்வமாதான், ஆனா கிருமி உள்ள போயிட்டா பெரிய பாடு." இவ்வளவும் சொல்லிவிட்டு என் நெற்றியில் கையை வைத்து, "உனக்கு வலி வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. காலுக்கு பலம் நல்லா இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு இது தானா அடங்கிடும். படுத்தே கிடக்காத, நட. உனக்கு நான் அதைப் போட மாட்டேன்" என்றாய்.

உனக்கு நான் அதைப் போட மாட்டேன். அந்த வாக்கியத்துக்கு எத்தனை மரியாதை உண்டு என்று உனக்குத் தெரியுமா? நான் நடந்தேன். முதலில் வாசல் வரைக்கும், பிறகு தெருமுனை வரைக்கும், பிறகு அப்பாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும். நீ அனுப்பிய பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைத் திட்டிக்கொண்டே செய்தேன். கோடை வருவதற்குள் வலி போய்விட்டது. இப்போது தொட்டி தூக்குகிறேன். யோசித்துப் பார், அன்றைக்கு நீ என் அழுகைக்கு இரங்கி அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதும் கோடை வருவதற்குள் வலி போயிருக்கும். நான் சர்ச்சில், சந்தையில், ரயிலில், பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் பையன் போட்ட ஊசிதான்" என்று சத்தியம் பண்ணியிருப்பேன். பொய் சொல்கிறோம் என்று எனக்கே தெரிந்திருக்காது. இதைத்தானே நீ எனக்குப் புரிய வைத்தாய்? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஜனங்கள் டாக்டரிடம் ஓடி வருகிறார்கள், அதன் பிறகு என்ன செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், பலருக்குக் குறையத்தான் செய்யும், அதனால்தான் ஒருத்தர் ரெண்டு பேர் கதையை வைத்து முடிவு செய்யக் கூடாது, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று. ஒருத்தர் கதை போதாது என்று எனக்குப் பாடம் நடத்திய நீ, அங்கே போய் ஒருத்தர் கதையைச் சொல்லியிருக்கிறாய். அதுவும் நடக்காத கதை.

நம் ஊர் ஜனங்கள் டாக்டரிடம் ஆராய்ச்சி எங்கே என்று கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது, கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயமும் உண்டு. அதற்குப் பதிலாகத்தான், "உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். நீயே எத்தனை தடவை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய், ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது உன்னை இழுத்து இப்படிக் கேட்கிறார்கள் என்று. சிரிக்கிற விஷயம் இல்லை அது என்று இப்போதுதான் எனக்கே உறைக்கிறது. நீ படித்த புத்தகத்தையெல்லாம் அவர்களால் படிக்க முடியாது, அதனால் நீ படித்ததை உன் வீட்டில் எப்படி நடத்துவாய் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உன்னிடம் உண்மையான பதில் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுசாக, அழகாக, பொறுமையாக அதைச் சொல்லவும் உனக்குத் தெரிந்திருந்தது. அதே பதிலைப் பர்வீனுக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு, "இவ்வளவுதான் தெரியும், இதையும் மீறி முயற்சி பண்ணிப் பாக்கணும்னா சொல்லுங்க" என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்போது நான் உன்னைக் குறை சொல்லியிருக்கவே மாட்டேன். என்றைக்காவது பெரிய ஆராய்ச்சி வந்து, சரியான ஆளுக்குச் சரியான முறையில் போட்டால் இந்த ஊசி நல்லதுதான் என்று நிரூபித்தாலும் நிரூபிக்கும். அந்த ஊசியோடு எனக்கு என்ன விரோதம்?

நீ பிளஸ் டூ படிக்கும்போது வேதியியல் செய்முறைத் தேர்வில் என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்லி உனக்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நான் வேலை பார்த்த அதே பள்ளி, அதே லேப். யாருக்கு எந்த உப்பு என்ற விவரம் எப்படியோ கசிந்து, பிள்ளைகள் எல்லாம் விடையைத் தெரிந்துகொண்டே உள்ளே போனார்கள். முடிவை முதலில் எழுதி, அதற்குத் தோதாக, வராத நிறத்தை வந்தது என்றும் எழாத வாயுவை எழுந்தது என்றும் எழுதினார்கள். நீ மட்டும் கரைசலில் நீலம் வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுதினாய். கடைசியில் உப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் எழுதிவிட்டு வெளியே வந்தாய். மார்க் போயிற்று. அப்பா திட்டினார். நான் திட்டவில்லை. அன்றைக்கு உனக்குப் பிடித்த கேசரி கிண்டிக் கொடுத்தேன், என்ன விசேஷம் என்று நீ கேட்டாய், சும்மா என்று சொன்னேன். வராத நிறத்தை வந்தது என்று எழுதாத பையன் எப்படித் தம்பி, போடாத ஊசியைப் போட்டேன் என்று சொன்னான்? எந்த வருஷத்தில், எந்த இடத்தில் அது நடந்தது? நான் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஒரு தைரியத்துக்குச் சொல்லியிருப்பான். தொழில்னா நாலும் இருக்கும். அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிடலையே" என்றார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்த மனிதர். "பச்சை விழாத இடத்துல விழுந்துடுச்சுன்னு சொன்னா உங்க டிபார்ட்மெண்ட்ல ஒத்துப்பாங்களா? அன்னைக்கு எந்த வண்டியும் மோதலைங்கறதுக்காக?" என்று கேட்டேன். அவர் மறுபடி பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குச் சாப்பாடு அவருக்கும் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வந்தது, உன் போன் வந்தது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, நான் பர்வீன் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். கேட்டிருந்தால் நீ ஏதாவது சொல்லி என்னை நிறுத்தியிருப்பாய், நான் நின்றும் இருப்பேன், எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. பர்வீன் மெஷின் முன்னால், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளரில் பச்சையாக ஏதோ இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அதை மடக் மடக்கென்று குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"பப்பாளி எல ஜூஸு டீச்சர். என் தம்பிக்கு டெங்கு வந்தப்ப தட்டணு எறங்கிப் போயி இதத்தான குடுத்தோம். இப்பவே குடிச்சி ஏத்தி வச்சிகினா, ரத்தம் எடுக்கசொல்ல நெறய வரும்ல? ஊசி இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்ல?"

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தட்டணு, தட்டணு என்று கேட்டுக் கேட்டு, அது ஏறினால் உயிர், இறங்கினால் போச்சு என்று ஜனங்கள் மனதில் பதிந்து போயிருக்கிறது. அந்த வார்த்தையை நீ சொன்னதும் அவருக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது, மீதியை நான் தொட்டி தூக்கிக் கொடுத்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை. பிசியோதெரபிப் பெண் சொன்ன பயிற்சியையும் நடையையும் விட்டுவிட்டாராம், ஊசிதான் போடப் போகிறோமே என்று. ஊசி போட்ட மறுவாரமே இரண்டு மடங்கு ஆர்டர் எடுத்துக்கொள்கிறேன் என்று கம்பெனிக்காரரிடம் வாக்கும் கொடுத்துவிட்டாராம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "அது கொஞ்சம் ஏத்தந்தான். ஊசி போட்டப்பறம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்" என்றார். சர்க்கரை இருக்கிறவர்களுக்குக் கிருமி தொற்றினால் என்ன பாடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பெண்மணியின் முதுகும் கையும்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது, தம்பி. அவர் படுத்தால் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

"பர்வீன், எனக்கு அந்த ஊசி போடலை" என்று சொன்னேன். சுற்றி வளைத்தால் என்னால் முடியாது என்று தெரியும், அதனால் செருப்பைக் கழற்றி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே சொல்லிவிட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. "இன்னா டீச்சர்?" என்றார்.

"எனக்குப் போடலைம்மா. நான் கேட்டேன், அவன்தான் வேண்டாம்னான். வெள்ளிக்கிழமை நீங்க கேட்டப்ப வலிக்கலைன்னு நான் சொன்னதும் பொய்தான்."

மெஷினில் காலை வைத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, "அப்ப உங்க முதுகு எப்பிடி சரியாச்சு?" என்று கேட்டார்.

"நடந்தேன். எக்சர்சைஸ் பண்ணேன். நாள் ஆச்சு."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

நீ எனக்குச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவருக்குச் சொன்னேன். சின்ன ஆராய்ச்சிகள், சிலதில் பலன், சிலதில் வித்தியாசம் இல்லை, அபூர்வமான ஆபத்து, பெரும்பாலும் தானாக அடங்கும் என்பது, எல்லாவற்றையும். ஆளுக்கு ஆள் மாறும், அவருக்கு எது சரி என்று சொல்ல நான் டாக்டர் இல்லை என்பதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பாதியில் நிறுத்தி, "இத்தெல்லாம் டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவனிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன் என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தைரியம் வரட்டும்னு சொல்லியிருப்பாரு டீச்சர். நல்ல புள்ள அவரு. நீங்க அழுவாதீங்க" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவருடைய முதுகைப் பற்றிப் பேசப் போனவள் நான்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன், அல்லது நீ கேட்பாய் என்று நானே வைத்துக்கொண்ட கேள்விக்கு: இதை ஏன் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்? பர்வீன் ஒருத்தரை எனக்குத் தெரியும், தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். என்னை ஊசி போட்டவளாக்கி நீ இன்னும் யார் யாரிடம் சொல்லியிருக்கிறாய்? குரோம்பேட்டையில் எத்தனை வீடு, பெருங்களத்தூரில் எத்தனை வீடு? யார் யார் என்னை நம்பி ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்கள்? நான் ஒவ்வொரு வாசலாகப் போய் எனக்குப் போடவில்லை, எனக்குப் போடவில்லை என்று கதவைத் தட்ட முடியுமா? அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். பெயர் இல்லாவிட்டாலும் படிக்கிறவர்கள், தங்கள் டாக்டரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, இன்னும் ஒன்று சேர்த்துக் கேட்பார்கள் இல்லையா? போடலாம், போட வேண்டாம் என்பதற்கு என்ன காரணம், என்ன தெரியும், என்ன தெரியாது என்று.

உனக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். கிளினிக்கில் புது மெஷின் வந்திருக்கிறது. உன்னோடு இருக்கிற டாக்டர்கள் எல்லாம் போடுகிறார்கள். வலியோடு வருகிறவர்களிடம் நட, பொறு என்று சொன்னால் பாதிப் பேர் முகம் சுருங்கி அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள். சிலர் ஊசிக்குப் பிறகு நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று வந்து கும்பிட்டிருப்பார்கள், உனக்கும் நம்பிக்கை ஏறியிருக்கும். இதெல்லாம் எனக்குப் புரிகிறது. தெரியவில்லை என்று சொல்கிற டாக்டரை நம் ஜனங்களுக்கும் பிடிக்காது என்பதும் தெரியும். ஆனால் உன்னிடம் பொறுமையாகச் சொல்லக் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்தவள் ஒருத்தி உன் வீட்டிலேயே இருக்கிறாள். அவளைத்தான் நீ மாற்றிச் சொல்லிவிட்டாய். என் முதுகை யாரிடம் வேண்டுமானாலும் சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்.

பர்வீன் ஊசியை வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்தார். "திங்கக்கெழம வர்றேன்னு சொன்னா சொன்னதுதான் டீச்சர். போவேன். ஆனா ஊசிக்கு இல்ல, கேக்கறதுக்கு. நீங்க வந்ததச் சொல்ல மாட்டேன். மறுபடியும் அதேதான் கேப்பேன், இன்னா சொல்றாருன்னு பாப்பம்" என்றார். "உண்மையைத்தான் சொல்வான்" என்றேன் நான். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் வந்து கேட்கப் போவதை இதில் எழுதலாமா கூடாதா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதினால் நீ தயாராக இருப்பாய், எழுதாவிட்டால் உன் அம்மாவே உனக்குப் பொறி வைத்தவள் ஆவேன். எழுதிவிட்டேன். தயாராகவே இரு. திங்கட்கிழமை பர்வீன் உன் எதிரே வந்து உட்காருவார். நீ என்ன சொன்னாய் என்று எனக்குப் போன் பண்ணாதே, தம்பி. அதை அவர் வந்து சொல்லட்டும். இப்போதைக்கு என்னால் அவரைத்தான் நம்ப முடியும்.

அம்மா